மலையகத்து முதுமையும் தேகாப்பியாசமும்

தேயிலைத் தோட்டத்திலே நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து இளைப்பாறிய ஒரு மூதாட்டிக்குத் தேகாப்பியாசம் வேண்டும் என்று கூறினால் கேட்போர் நகைப்பர். நாள்தோறும் மலையேறி இறங்கியவளுக்கு இன்னுமா அப்பியாசம் என்பர். வினா நியாயமானதே. தோட்டத்து மக்கள் மாத்திரமன்றி, அவர்களிடையே பணிபுரியும் உத்தியோகத்தர் பலரும் இவ்வாறே எண்ணி வந்துள்ளனர். உழைப்பும் அப்பியாசமும் ஒன்றெனக் கொண்டமையால் விளைந்த எண்ணம் இது. அவை இரண்டும் வேறு என்பதையும், அவ்வேற்றுமையை உணராமையால் மலையகத்து முதியோர் எதனை இழக்கின்றனர் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

இலங்கை மக்களுள் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 6.6 ஆக இருந்தனர். 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தொகை 12.4 ஆயிற்று. நுவரெலியா, அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் இம்மாற்றத்தைக் காண எண்கள் வேண்டா. இளையோர் கொழும்புக்கும் கடல் கடந்தும் தொழில் தேடிச் செல்ல, பகற்பொழுதில் லயங்களிலே எஞ்சியிருப்போர் முதியோரும் சிறு பிள்ளைகளுமே. பேரப்பிள்ளையைப் பார்ப்பது, விறகு பொறுக்குவது, பீலியில் தண்ணீர் எடுப்பது என அம்முதியோரைக் குடும்பம் இன்னும் நம்பியிருக்கின்றது. அவர்கள் நடமாடும் வரை வீடு நடக்கும்.

நடமாட்டம் நின்றுபோவது பெரும்பாலும் ஒரு கணத்தில் நிகழ்கின்றது. லயத்து வாசலுக்கு முன் கான், கானைத் தாண்டிக் கருங்கற்படி, படியிலே பாசி, மலசலகூடமோ பல இடங்களில் லயத்துக்குப் புறத்தே. அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் அமைந்தவை. மழையும் மூடுபனியும் அங்கே கல்லை உலரவிடுவதில்லை. விடியற்காலையில் எழுந்த கிழவி கால் வழுக்கி விழுகிறாள். தொடையெலும்பின் கழுத்து முறிகிறது. மலைச்சரிவிலிருந்து வாகனம் நிற்கும் பாதை வரை நால்வர் அவளைச் சுமந்துவர வேண்டும்; பின்னரே டிக்கோயா வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ பயணம். சத்திரசிகிச்சை நன்கு முடிந்தாலும், முன்போல் தனியே நடப்பவர் சிலரே. ஆகவே, முதியோர் விழாதிருப்பது எப்படி என்பதே நம் ஆராய்ச்சியின் நடுவிடயம். நீண்ட ஆயுள், இளமைத் தோற்றம் முதலியவற்றைப் பற்றிப் பேசுவோர் வேறு பலர் உளர்.

கொழுந்து பறிக்கும் தொழில் உடலை எவ்வாறு ஆக்குகின்றது என்பதைச் சற்று நோக்குக. கூடையின் பாரம் தலையில் மாட்டிய பட்டியினால் கழுத்தின்மேல் இறங்குகின்றது. கூடைக்குப் பதிலாகச் சாக்கும் பையும் வந்த இடங்களிலும் பாரம் குறைந்தபாடில்லை. முதுகு முன்னே வளைந்தே நிற்கும், கைகள் மார்பின் உயரத்தில் இடையறாது இயங்கும், விரல்கள் ஓய்வதேயில்லை. கால்களோ சரிவிலே ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பல நாழிகை நின்றபடியே இருக்கும். ஆண்களின் கவ்வாத்து வேலையிலும் குனிந்த முதுகும் ஒரு கையின் வீச்சுமே மிகுதி. இங்ஙனம் சில தசைகளும் மூட்டுகளும் அளவிறந்து தேய, வேறு சில தசைகள் ஆண்டுக்கணக்காக வேலையின்றிக் கிடக்கின்றன. தோளை மேலே உயர்த்தும் தசை, முதுகை நிமிர்த்தும் தசை, இடுப்பைப் பக்கவாட்டில் தாங்கும் தசை ஆகியன இவற்றுட் சில. வழுக்கும்போது உடலைத் தாங்கிப் பிடிப்பதில் இடுப்புத் தசைக்குப் பெரும்பங்கு உண்டு.

இனி, விஞ்ஞானிகள் கண்ட இரு முடிவுகளை எடுத்துக்கொள்வோம். 1953 ஆம் ஆண்டில் ஜெரி மொரிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இலண்டன் மாநகரப் போக்குவரத்துத் தொழிலாளரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இரட்டைத் தட்டு பஸ்களில் இருந்தபடியே ஓட்டும் சாரதிகளைவிட, நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு என்பது அவர் முடிவு. உழைப்பு நன்மை செய்யும் என்று உலகம் கொண்டது. பின்னர், 2021 இல் தென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் 1,04,046 பேரைப் பத்தாண்டளவு தொடர்ந்து கண்காணித்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். ஓய்வு நேரத்தில் விரும்பி உடலை இயக்குவோரிடையே மரணம் குறைவு. தொழிலிலே கடுமையாக உடலை இயக்குவோரிடையே மரணம் அதிகம்.

இவை முரணானவை போலத் தோன்றும். கண்டக்டர் ஏறினார், இறங்கினார், இடையிடையே நின்றார்; இயக்கமும் இளைப்பாறலும் மாறி மாறி வந்தன. கடுந்தொழிலாளிக்கோ இயக்கம் நீண்டது, ஓய்வு குறுகியது, அசைவு ஒரே வகையானது, பாரம் தாமாகத் தெரிந்தெடுத்ததன்று. களைத்தபோது நிறுத்தும் உரிமையும் இல்லை. தசை உழைக்கும்போது வலிமை பெறுவதில்லை. உழைத்தபின் உண்டு உறங்கும்போதே பெறுகின்றது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்னும் கணக்குக்குக் கட்டுப்பட்டவளுக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. தோட்டத்து வேலையையும் தேகாப்பியாசத்தையும் பிரிக்கும் கோடு இதுவே.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். எலும்பின் வலிமை ஏறக்குறைய முப்பது வயதுக்குள் சேர்த்துவைக்கும் முதல். பின்னர் அதிலிருந்து செலவு செய்வதே உண்டு. இன்று எழுபது வயதை அடைந்த தோட்டத்து மக்கள் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்ச காலத்திலே வளர்ந்த பிள்ளைகள். ரொட்டிக்கு மாவும் கிடையாத அந்நாட்களில் தோட்டங்களிலே மரணங்கள் பெருகியதை மூத்தோர் அறிவர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கூறுபட்டு, உரிமை முழுமையாக வந்து சேர 2003 வரை காத்திருந்த தலைமுறையும் அதுவே. அவர்தம் எலும்பில் அவ்வரலாறும் எழுதப்பட்டிருக்கின்றது. மூப்பினால் வரும் தேய்வு எல்லார்க்கும் பொதுவாயினும், அவர்கள் அதனைக் குறைந்த முதலோடு தொடங்கினர்.

நிற்க. போன எலும்பையும் தசையையும் எழுபது வயதுக்குமேல் மீட்க இயலுமா? எலும்பை மீட்பது அரிது. தசையை மீட்கலாம் என்பதற்கு ஐயமற்ற சான்று உண்டு. 1990 ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்குத் தொடைத் தசைக்கான பாரப் பயிற்சி எட்டு வாரம் அளிக்கப்பட்டது. ஒருவர் இடையில் விலகினார். ஏனையோரின் தசைவலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு பெருகியது. கைத்தடியோடு வந்த இருவர் அதனை விட்டு நடந்தனர். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் வீட்டிலேயே செய்யத்தக்க கால்வலிமைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நடை ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு முறையை வகுத்தனர். 65 முதல் 97 வயது வரையுள்ள 1,016 பேரிடம் சோதித்ததில், விழுதல் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. பெரும் கருவி எதுவும் அதற்கு வேண்டியதில்லை. கணுக்காலிற் கட்டும் சிறு பாரமும், பிடித்துக்கொள்ள ஒரு மேசையும் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட நெறிமுறையும் முதியோர் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்க வேண்டும் என்று கூறுவதோடு, வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கின்றது. தோட்டத்து முதியோர் முதற்பகுதியை நடந்தே நிறைவேற்றிவிடுவர். இரண்டாவது பகுதியே அவர்களுக்கு இல்லாதது.

சமநிலைப் பயிற்சி என்றதும் அந்நிய நாட்டு உடையும் இயந்திரங்களும் மனத்தில் தோன்ற வேண்டா. 2011 இல் ஜெனிவா நகரத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று மலையகத்தாருக்கு மிகவும் பொருந்துவது. 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேரைக் கூட்டி, பியானோ இசைக்கு ஏற்ப நடக்கவும், தாளம் மாறும்போது அடியை மாற்றவும், நடந்தபடியே கையால் வேறொரு செயல் புரியவும் பழக்கினர். வாரம் ஒருமுறை, ஆறு மாதம். விழுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதனை வாசித்தபோது நம் கும்மியும் கோலாட்டமும் நினைவுக்கு வராதிருக்க முடியாது. வட்டமாகச் சுற்றி வருதல், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடற்பாரத்தை மாற்றுதல், குனிந்து நிமிர்தல், பாட்டின் அடி திரும்பும்போது தாமும் திரும்புதல், கையால் தாளமிடுதல் ஆகிய அனைத்தும் கும்மியிலே உள்ளன. ஜெனிவாவில் ஆசிரியர் வைத்துக் கற்பித்ததை மலையகத்துப் பெண்கள் திருவிழாவிலே கற்றிருக்கின்றனர். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் போதும்.

ஆண்கள் கும்மிக்கு வாரார். அவர்களுக்குக் காமன் கூத்து உண்டு. மாசி மாதத்திலே கம்பம் நாட்டித் தொடங்கும் அக்கூத்தில் தப்பின் ஒலிக்கு ஏற்ப அடிவைத்து ஆடிய கால்கள் இன்று வாசற்படியில் முடங்கிக் கிடக்கின்றன. அன்று மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைந்த முதியவரை அழைத்து இளைஞர்க்கு அடி கற்பிக்கச் சொன்னால், அது அவருக்கும் அப்பியாசம், கூத்துக்கும் காப்பு. அப்பியாசம் என்று கூப்பிட்டால் வர மறுப்பவர், ஆட்டம் பழக்க வாரும் என்றால் வருவார்.

உடலைப் பற்றி இதுவரை கூறினோம். மனத்தின் பங்கும் உண்டு. மனத்தை நிகழும் கணத்திலே நிறுத்திப் பழகும் பயிற்சியை மேல்நாட்டு வைத்தியசாலைகளில் இக்காலம் பெரிதும் கற்பிக்கின்றனர். 1979 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஜோன் கபட் சின் என்பவர் நாட்பட்ட வலியுடையோர்க்காக இதனைத் தொடக்கினார். ஆயினும், இதன் வேர் நமக்கு அணித்தேயுள்ளது. ஜெர்மனியிலே பிறந்து 1936 இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபொனிக தேரர், கண்டி உடவத்தக் காட்டின் ஆச்சிரமத்தில் வாழ்ந்து, சதிபட்டானம் என்னும் பௌத்தத் தியான முறையை விளக்கி 1954 இல் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். மேல்நாட்டார் பலர் இம்முறையை அறிந்தது அந்நூலின் வாயிலாகவே. காலைத் தூக்குவதையும் முன்வைப்பதையும் நிலத்தில் ஊன்றுவதையும் அறிந்து அறிந்து நடப்பது அம்முறையில் ஒரு பகுதி. பாசி படிந்த படியில் இறங்கும் மூதாட்டிக்கு அதைவிட உகந்த தியானம் வேறு யாது?

சைவர்க்கும் இது புதிதன்று; திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பது. அதனைப் பொதுமக்களுக்கு எளிதாக்கியவர் என்ற வகையில் தமிழ்நாட்டு வேதாத்திரி மகரிஷியைக் குறிப்பிடலாம். 1911 இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்திலே பிறந்த அவர், 1958 இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். கை, கால், மூச்சு, கண் ஆகியவற்றுக்கான பயிற்சிகளில் தொடங்கி உடலைத் தளர்த்தி ஓய்வு கொள்வதில் முடியும் ஓர் எளிய முறையை வகுத்து, தியானத்தோடு சேர்த்து ஊர்தோறும் மன்றங்களிலே பழக்குவித்தார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் பாதையின் அடிவாரத்திலே, ஆழியாற்றில், 1984 இல் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006 இல் மறைந்தபோது அவருக்கு வயது 94. அவர் முறையிலே நாம் பின்பற்றத்தக்கது ஒழுங்கு: அயலவர் ஒருங்குகூடல், குறித்த நேரம், சிறிதாய்த் தொடங்குதல். ஆயினும், அதனை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவருதல் தகாது என்பது என் கருத்து. இரத்த அழுத்தமுடைய முதியோர்க்குக் கபாலபதி வேண்டா. முழங்கால் தேய்ந்தவர்க்கு ஈரத்தரையில் படுத்தெழும் பயிற்சியும் வேண்டா. மேலும், அம்முறையிலே கால்வலிமைக்கான பாரப் பயிற்சி போதாது.

தியானத்தைப் பற்றி மிகைபடப் பேசுவோரையும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். 65 முதல் 84 வயது வரையுள்ள 585 அமெரிக்கரிடம் தியானம், அப்பியாசம், இரண்டும் சேர்ந்தது, வெறும் சுகாதாரக் கல்வி என நால்வகையாகச் சோதித்து 2022 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நினைவாற்றலைப் பொறுத்தமட்டில் எந்தப் பிரிவும் ஏனையவற்றை விஞ்சவில்லை. ஆகவே, தியானம் செய்தால் மறதி நீங்கும் என்று முதியோர்க்கு வாக்களித்தல் நேர்மையன்று. முதுகுவலியிலே நிலைமை சற்று வேறு. 65 வயதுக்கு மேற்பட்ட 282 பேரிடம் செய்து 2016 இல் வெளியிட்ட சோதனையில், எட்டு வாரத் தியானப் பயிற்சியின் முடிவில் அன்றாடக் கருமங்களைச் செய்யும் ஆற்றல் கூடியது. ஆறு மாதத்தின் பின் அந்நன்மை நிலைக்கவில்லை. வலியில் மாத்திரம் ஓரளவு தணிவு எஞ்சியது. வாழ்நாள் முழுதும் கூடை சுமந்த முதுகுக்கு அவ்வளவும் சிறிதன்று. கூடிப் பழகுவோர்க்கு வேறொரு பயனும் உண்டு. அன்று வாராத ஒருவரை மற்றவர் தேடிச் செல்வர். தனிமையிலே வாடும் முதியோர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உடலும் மனமும் சேர்ந்து இயங்குவதற்கு மலையகத்திலேயே கண்கூடான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் ஏறுகின்றனர். அட்டன் வழியே நல்லதண்ணியிலிருந்து செல்வோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து 2,243 மீற்றர் உயரத்தை அடைவர். அக்கூட்டத்திலே எழுபது வயது மூதாட்டியரும் உளர். அவர்கள் ஏறும் முறையை நோக்குக: பத்துப் படி ஏறுவர், நிற்பர், இறைவன் பெயரைச் சொல்லி மூச்சைச் சீராக்குவர், மீண்டும் ஏறுவர். இடைவிட்டு உடலை இயக்கும் முறையை வைத்திய நூல் பார்த்து அவர்கள் கற்கவில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதியோருக்கான தேசிய செயலகம் உண்டு. பிரதேச செயலகங்களின் வழியே கிராமந்தோறும் முதியோர் சங்கங்கள் அமைக்கவும் வழியுண்டு. சங்கமாகப் பதிவு செய்தால் கூடுவதற்கு ஒரு முறைமை கிடைக்கும். இடம் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் பெரட்டுக் களமும் மாரியம்மன் கோயில் முன்றிலும் உள்ளன. விடியலில் பெரட்டு முடிந்தபின் களம் வெறுமையாகக் கிடக்கும். வெயில் ஏறி நிலம் உலர்ந்தபின், வேலைக்குப் பெயர் கொடுத்த அதே களத்தில் இளைப்பாறியோர் தமக்காகக் கூடலாம். ஜப்பானியர் 1928 முதல் வானொலி இசைக்கு நாடெங்கும் ஒரே வேளையில் அப்பியாசம் செய்கின்றனர்; நமக்குக் கோயில் ஒலிபெருக்கி போதும், தப்பு இன்னும் நன்று.

வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நாற்பது நிமிடம். முதலிலே வாங்கிலிருந்து கைபிடியாமல் எழுந்து அமர்தல், பத்து முறை. பின்னர் வாங்கின் முதுகைப் பிடித்தபடி குதிகால் உயர்த்தல், காலைப் பக்கவாட்டில் தூக்குதல், ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டவைத்து நடத்தல். மூன்றாம் வாரம் முதல் ஒரு கிலோ மணல் நிரப்பிய துணிப்பை கணுக்காலில். இடையே மெதுவான கும்மி. இறுதியில் அமர்ந்து, மூச்சின் போக்கை மாத்திரம் கவனித்துப் பத்து நிமிடம். மூச்சை அடக்குதல் கூடாது. நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ அண்மையில் விழுந்த காயமோ உடையோர் வைத்தியரைக் கண்டபின்னரே சேரலாம். பயிற்சி முடிந்தபின் வெறும் சாயத்தண்ணீரோடு அனுப்பிவிடாமல் அவித்த கடலையோ பயறோ ஒரு கைப்பிடி கொடுத்தல் வேண்டும். புரதமின்றித் தசை வளராது.

பயன் விளைந்ததா என்று அறிய மணிக்கூடு ஒன்றே கருவி. கைபிடியாமல் ஐந்து முறை எழுந்து அமர ஒருவர்க்குப் பதினைந்து வினாடிக்கு மேலாயின், கால் வலிமை குன்றியது என்று வைத்தியர் கொள்வர். தொடங்கும் நாளில் ஒவ்வொருவர்க்கும் அதனைக் குறித்துவைத்து, மூன்று மாதத்தின் பின் மீண்டும் குறிக்க வேண்டும். நம் பழைய மாணவருள் மலையகத்திலே ஆசிரியராயிருப்போர் இதனைத் தம் மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு செய்விக்கலாம். எண்களை எழுதி ஒப்பிடும் விஞ்ஞானப் பழக்கம் மாணவர்க்கும் வாய்க்கும். தமிழ்நாட்டிலே 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், உடலியக்கப் பயிற்சியாளர் வீட்டு வாசலுக்கே செல்கின்றனர். அத்தகையோர் ஒருவர் மாதம் ஒருமுறையேனும் தோட்டத்துக்கு வந்து பயிற்சியைத் திருத்திச் சென்றால் பெரிதும் உதவும். அதற்கான போக்குவரத்துச் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்பது இயலாததொன்றன்று.

தொடங்குவதற்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. மழை குறைந்து களம் உலர்ந்திருக்கும், காமன் கூத்துக்குத் தப்பும் இறங்கியிருக்கும். வைகாசிக்குப்பின் அட்டன் பக்கத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். அப்போது கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ நான்கு வாங்குகளைப் போட்டால் பதினைந்து பேருக்கு இடம் போதும்.